துளசி வெட்டிப் போட்ட பாத்தியில் தட்டைப்பயறு முளைக்கவில்லை

2023 நவம்பர் 2

ஊத்துக்குளிப் பக்கம் செங்காட்டு மண், ஒன்றரை ஏக்கர். அதில் கிழக்கு ஓரமாகப் பத்து சென்ட் துளசி வைத்திருந்தோம், புரட்டாசி மாலைக்காக. நாலு சனிக்கிழமையும் முடிந்தது, விலையும் விழுந்தது. ஐப்பசி பிறந்ததும் செடிகளை அடியோடு வெட்டி, அதே இடத்தில் நறுக்கிப் போட்டு ரொட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலக்கிவிட்டேன். இரண்டு நாளில் நல்ல மழை. ஈரம் போவதற்குள் ஊன்றிவிடலாம் என்று கயிறு பிடித்துத் தட்டைப்பயறு போட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பக்கத்துப் பாத்தியில் அதே விதை, அதே நாள், இரண்டு இலை விட்டு வரிசையாக நிற்கிறது. துளசிப் பாத்தியில் அங்கொன்று இங்கொன்று. தோண்டிப் பார்த்தேன். சில விதைகள் உப்பிக் கிடக்கின்றன. சிலதில் வேர் ஒரு விரற்கடை வந்து, நுனி தேத்தண்ணிக் கலரில் கருகி நின்றுவிட்டது.

துளசி பயறைக் கொல்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

2023 நவம்பர் 3

விதை பழசா, ஆழமா, தண்ணீரா என்று கேட்டவர்களுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விதை பழசு இல்லை, போன மாசிப் பட்டத்து விதை, இரண்டு பாத்திக்கும் ஒரே பானையிலிருந்து எடுத்தது. ஆழம் இரண்டு விரல். தண்ணீர் தேங்கவில்லை. விதைநேர்த்தி எதுவும் செய்யவில்லை, அது என் சோம்பல்.

அம்மாவிடம் சொன்னேன். "தொளசி மேல பழி போடாத சாமி, நீ ஊனுன கை அப்படி" என்றார்கள்.

2023 நவம்பர் 4

இங்கே பதில் எழுதிய பல்லடத்துக்காரர் கேட்டது நியாயம்: "பச்சையா எதப் புதைச்சாலும் ஒடனே வெதச்சா இப்படித்தான் ஆகும். அதுக்குத் துளசி என்னங்க பண்ணும்?"

பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு, சணப்பை மடக்கி உழுதாலும் அழுக விட்டுத்தானே விதைக்கிறோம். அழுகும்போது சூடு, காற்றில்லாமை, பூஞ்சாணம் எல்லாமே முளையைப் பாதிக்கும். அதனால் "கொல்கிறது" என்று நான் எழுதியதை "கெடுக்கிறது போலத் தெரிகிறது" என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் வாசனைச் செடி விஷயம் தனி. ஒரு செடி வெளியிடும் பொருள் இன்னொரு செடியைத் தடுப்பதற்கு 1937-லேயே ஹான்ஸ் மோலிஷ் என்ற ஆஸ்திரியத் தாவர அறிஞர் பெயர் வைத்துவிட்டார், அல்லெலோபதி என்று. ஆப்பிள் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துச் செடியை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். வால்நட் மரத்து நிழல் ஆகாது என்று ரோமாபுரிக்காரர் பிளினி அதற்கும் ஆயிரத்து எண்ணூறு ஆண்டு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் புளியமரத்தடியில் எதுவும் வராது என்று சொல்வதும் இந்த வகைதான். நிழலும் சேர்ந்த கணக்கு அது என்பது வேறு பேச்சு.

துளசியில் முக்கியமான எண்ணெய்ப் பொருள் யூஜினால். கிராம்பிலும் அதுதான். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்தால் மரத்துப்போகிறதே, அதே சரக்கு. வெளிநாட்டில் இயற்கை விவசாயத்துக்கான களைக்கொல்லியாகக் கிராம்பு எண்ணெயைத் தெளிக்கிறார்கள். இலை மேல் பட்டால் காய்ந்துவிடுகிறது. களையைக் காய்க்கிற பொருள் பயறின் முளையைக் கும்பிட்டுவிட்டா போகும்?

2023 நவம்பர் 5

சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டேன். நாலு வட்டல், ஒவ்வொன்றிலும் நனைத்த வேட்டித்துணி, இருபது இருபது தட்டைப்பயறு. ஒன்றுக்கு வெறும் தண்ணீர். மற்றதுக்குத் துளசி, ஓமவல்லி, புதினா. நூறு கிராம் பச்சை இலையை ஒரு லிட்டர் தண்ணீரில் மிக்சியில் அடித்து வடிகட்டிய சாறு.

மிக்சியை நான்தான் கழுவினேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

2023 நவம்பர் 8

மூன்றாம் நாள் கணக்கு. தண்ணீரில் 19. புதினாவில் 15. துளசியில் 13. ஓமவல்லியில் 6.

எண்ணிக்கையை விட வேரைப் பார்ப்பதுதான் சுவாரசியம். தண்ணீர் வட்டலில் வேர் வெள்ளையாக, நுனியில் பூனைமீசை போலத் தூவி விட்டு, ஒரு விரல் நீளம். ஓமவல்லி வட்டலில் தோல் கிழிந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது. மூக்கு நுனி கருத்து, நகத்தால் தொட்டால் கொழகொழவென்று வருகிறது. தூவியே இல்லை. தோட்டத்தில் தோண்டியபோது பார்த்த அதே கருகல்.

இதற்குக் காரணம் சொல்கிறார்கள். ஓமவல்லியில் இருப்பது கார்வக்ரால், தைமால். ஓமத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்தத் தைமால்தான். இவையெல்லாம் கொழுப்பில் கரைகிறவை. செல்லின் சவ்வும் கொழுப்புதான், அதனால் நேராக உள்ளே புகுந்துவிடுகின்றன. சவ்வு ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது கசிகிறது. வேர் நுனியில்தான் செல்கள் ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். அந்தப் பிரிவு தடைபடுகிறது, செல்லுக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சும் குறைகிறது. விதை உப்புவது வெறும் தண்ணீரை உறிஞ்சுவது, அதை இந்த எண்ணெய்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. அடி விழுவது வேர் நுனிக்கு. முளைத்தது எத்தனை என்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது பாதிதான் தெரியும்.

2023 நவம்பர் 9

மானம் போகிற விஷயம். கோபிக்காரர் ஒரே வரியில் கேட்டார்: "எல்லாத்துக்கும் ஒரே தண்ணியாங்க?"

இல்லை. வெறும் தண்ணீர் வட்டலுக்குக் குடத்திலிருந்து ஆற்றுத்தண்ணீர் எடுத்தேன். இலை அடித்தது போர்த்தண்ணீரில், மிக்சி இருக்கிற இடத்தில் அந்தக் குழாய்தான் கிட்டம். எங்கள் போர்த்தண்ணீர் எப்படி என்றால், பாத்திரத்தில் ஊற்றிக் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். சோப்பு நுரைக்காது. உப்புத்தண்ணீரில் பயறு முளைப்பது குறையும் என்பது எங்கள் ஊர் நாய்க்கே தெரியும், எனக்குத் தெரியவில்லை.

மேலே போட்ட கணக்கை மறந்துவிடுங்கள். மறுபடி வைக்கிறேன்.

2023 நவம்பர் 12

தீபாவளி. வீடு நிறைய ஆள், வட்டல் எல்லாம் பறிபோனது. தயிர் டப்பாவில் வைத்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஆற்றுத்தண்ணீர். கூட இரண்டு டப்பா சேர்த்தேன். ஒன்று சர்க்கரைத்தண்ணீர். கெட்டியான எந்தச் சாறும், அதில் விஷம் இல்லாவிட்டாலும், விதைக்குப் போகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா? இன்னொன்று துளசியைப் பத்து நிமிடம் திறந்து காய்ச்சி ஆற வைத்த சாறு. வாசனை ஆவியோடு போன பிறகு என்ன மிச்சம் என்று பார்க்க.

மச்சான் வந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இது மருந்தா சுண்டலா?" என்று கேட்டார்.

2023 நவம்பர் 15

தண்ணீரில் 19. சர்க்கரைத்தண்ணீரில் 17. துளசியில் 16. காய்ச்சிய துளசியில் 17, ஆனால் வேர் கட்டை. புதினாவில் 17. ஓமவல்லியில் 8.

ஆக துளசி மேல் நான் சுமத்திய பழியில் பாதி உப்புத்தண்ணீருடையது. ஓமவல்லி மட்டும் எந்தத் தண்ணீரிலும் மாறவில்லை. காய்ச்சிய பிறகும் வேர் நீளாததற்குக் காரணம் தண்ணீரில் கரைகிற ஃபீனால் பொருள்களாக இருக்க வேண்டும். ரோஸ்மரினிக் அமிலம் மாதிரியானவை துளசிக் குடும்பத்தில் நிறைய உண்டு, கொதித்தாலும் ஓடிப்போகாது.

இன்னொரு கூத்து. சும்மா இருக்காமல் கொள்ளும் மொச்சையும் பத்துப் பத்து துளசிச் சாற்றில் போட்டிருந்தேன். கொள்ளுதான் தாங்கும் என்று நினைத்தேன், கல்லில் போட்டாலும் வருகிற பயிர். நடந்தது தலைகீழ். கொள்ளின் வேர் பாதி நீளத்தில் நின்றது. மொச்சை எதுவும் நடக்காதது போல வளர்ந்தது. சின்ன விதைக்கு அடி அதிகம், பெரிய விதைக்குக் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரிய விதைக்குச் சோற்று மூட்டை பெரிது, இடையில் தடங்கல் வந்தாலும் சமாளித்துவிடும். களைவிதைகள் பெரும்பாலும் பொடிசு. அதனால்தான் இந்த எண்ணெய்களைக் களைக்குப் பயன்படுத்தலாமா என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். யூகலிப்டஸில் வருகிற சினியோலுக்கு உறவான சின்மெத்திலின் என்ற களைக்கொல்லி 1980-களிலேயே வந்தது.

2023 நவம்பர் 16

உடுமலைக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். "எங்க கரிசக்காட்டுல கொண்டக்கடலைக்குள்ள கொத்தமல்லி ஊடுபயிர் போடறோம். எங்கப்பாரு காலத்திலிருந்து. கடலைக்கு ஒன்னும் ஆகல. காய்ப்புழுதான் கம்மியாவுது. அதுவும் வாசனைச் செடிதானுங்களே?"

உயிரோடு நிற்கிற செடி வேறு, வெட்டி நறுக்கிப் புதைத்தது வேறு. துளசி இலையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுவென்று புள்ளி தெரியும். எண்ணெய் அந்தச் சிறு பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினால்தான் கொட்டும். ரொட்டவேட்டர் செய்தது பத்து சென்ட் இலையையும் ஒரே நேரத்தில் கசக்கியது. கொத்தமல்லியும் கடலையும் ஒன்றாக விதைத்து ஒன்றாக வளர்கின்றன, கடலை முளைக்கிற நாளில் கொத்தமல்லி இலையே விட்டிருக்காது. அவர் கண்டது சரி. நான் கண்டதும் தப்பில்லை.

(இதை எழுதிவிட்டு யோசித்தேன். தானாக உதிர்கிற இலை? மழை கழுவி இறக்குகிற சாறு? அதுவும் மண்ணுக்கு வருமே. அளவு குறைவு, மண்ணில் உள்ள நுண்ணுயிர் தின்றுவிடும் என்றுதான் இப்போதைக்குச் சமாதானம்.)

2023 நவம்பர் 19

தொடாமலே தாக்குமா என்று அவினாசியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மகளின் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஈரத்துணி மேல் பயறு, நடுவில் டானிக் பாட்டில் மூடியில் கசக்கிய ஓமவல்லி. இலை பயறைத் தொடவே இல்லை. டிபன் பாக்ஸை அழுத்தி மூடி வைத்தேன். மூன்றாம் நாள் இலைக்குப் பக்கத்தில் இருந்த விதைகள் மூக்கோடு நின்றன. ஓரத்தில் இருந்தவை தப்பித்தன. காற்றிலேயே போகிறது, அக்கா.

டிபன் பாக்ஸில் இன்னும் கஷாய வாடை போகவில்லை. மகள் பேசுவதில்லை.

2023 நவம்பர் 20

இது வழி மாறிப் போவதுதான், ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தொல்லையையே தொழிலாக்கியவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் உருளைக்கிழங்குக் கிடங்கில் கிழங்கு முளை விடாமலிருக்கப் புதினா எண்ணெயை ஆவியாகச் செலுத்துகிறார்கள். நெதர்லாந்தில் சீமைச்சோம்பிலிருந்து எடுக்கிற கார்வோனை அதே வேலைக்குக் கொண்டுவந்தார்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை மூட்டையாக முளைவிட்ட கிழங்கைப் பார்க்கும்போதெல்லாம் இனி இது ஞாபகம் வரும்.

2023 நவம்பர் 22

அந்தியூர்க்காரரின் பயம்: விதைப்பயறில் வண்டு விழாமலிருக்க நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு வைக்கிறோமே, முளைப்பு போய்விடுமா?

காய்ந்த இலை, காய்ந்த விதை என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்பது எங்கள் வீட்டு அனுபவம். விதை தூங்குகிறது, வேர் நுனியில் வேலையே ஆரம்பிக்கவில்லை. பச்சை இலையைப் போட்டு ஈரம் ஏறினால்தான் கெடும், அப்போது வண்டை விடப் பூஞ்சாணம் முந்திக்கொள்ளும். வாசனை எண்ணெயை நேராக ஊற்றிப் புரட்டுவது வேறு கதை, வண்டு சாகிற அளவுக்குப் போட்டால் முளையும் சேர்ந்து போகலாம். அம்மா இன்றைக்கும் செம்மண் கட்டித்தான் வைக்கிறார்கள். செம்மண்ணைக் கரைத்துப் பயறைப் புரட்டி, வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்துப் பானையில் போட்டுவிடுவார்கள். வாசனையும் இல்லை, வம்பும் இல்லை.

2023 டிசம்பர் 3

ஒரு பழைய சண்டையைப் படித்தேன். தூக்கம் போய்விட்டது.

கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம் மலைச்சரிவில் சால்வியா, ஆர்ட்டிமிசியா என்ற வாசனைப் புதர்கள். நம் துளசிக்கும் மாசிபத்திரிக்கும் ஒன்றுவிட்ட பங்காளிகள். ஒவ்வொரு புதரைச் சுற்றியும் ஒன்றிரண்டு மீட்டருக்கு வெறும் மண், அதற்கப்பால் புல். வானத்திலிருந்து பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியுமாம். 1964-இல் கொர்னீலியஸ் முல்லரும் கூட்டாளிகளும் சயின்ஸ் இதழில் எழுதினார்கள், புதர் விடுகிற கற்பூரமும் சினியோலும் காற்றில் பரவிப் புல்லின் முளையைத் தடுக்கிறது என்று. ஆய்வுக்கூடத்தில் மூடிய டப்பாவில் செய்தும் காட்டினார்கள். என் டிபன் பாக்ஸ் மாதிரி. உலகமே ஒப்புக்கொண்டது.

1970-இல் பார்த்தலமியூ என்பவர் அதே இதழில் எழுதினார். அவர் செய்தது வேறொன்றுமில்லை, அந்த வெறும் வட்டத்தில் கம்பி வலைக் கூண்டு வைத்தார். கூண்டுக்குள் புல் முளைத்து வளர்ந்தது. எலியும் முயலும் பறவையும் புதருக்குள் பதுங்கி இருந்து, பயத்தில் தூரம் போகாமல், புதரைச் சுற்றி எட்டுகிற தூரத்தில் உள்ள விதையையும் தளிரையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. வாசனையும் உண்மை, வட்டமும் உண்மை. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்பதில்தான் ஓட்டை.

2023 டிசம்பர் 4

விடிந்ததும் துளசிப் பாத்திக்குப் போனேன். மீதம் நின்ற நாலைந்து தட்டைச் செடி கொடி விட ஆரம்பித்திருக்கிறது. நான் கயிறு பிடித்து முக்கால் அடிக்கு ஒன்று என்று ஊன்றியவன், எந்த இடத்தில் விதை இருக்க வேண்டும் என்று தெரியும். நவம்பரில் தோண்டியபோது நாற்பது இடம் தோண்டியிருப்பேன். கருகிய வேர் கண்டது ஏழெட்டு இடத்தில். அதை மட்டும் இங்கே எழுதினேன். மற்ற இடங்களில் என்ன இருந்தது?

ஒன்றுமே இல்லை. விதையே இல்லை. அழுகியிருந்தால் தோலாவது கிடக்கும். அப்போது அது உறைக்கவில்லை, கண் கருகலையே தேடிக்கொண்டிருந்தது.

வேலியோரம் மண்ணில் மூன்று விரல் கால்தடம், கையகலம். மயில்.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை ஆறு மயில் இறங்கினால் ஒரு பாத்தி காலி. சீய்த்து விதையைப் பொறுக்கும், தப்பி முளைத்தால் தளிரைக் கிள்ளும். முருகன் வாகனம், தேசியப் பறவை, சட்டம் வேறு. விரட்டலாம், அவ்வளவுதான். சாளைக்குப் பக்கத்துப் பாத்தி ஏன் தப்பியது என்கிறீர்களா? அங்கேதான் நாய் கட்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 5

பல்லடத்துக்காரர்: "அப்பத் துளசி நெரபராதிங்களா?"

அம்மா: "நாந்தான் அன்னைக்கே சொன்னனே."

இல்லை, கருகிய வேரை என் கண்ணால் பார்த்தேன். ஏழெட்டு இடம் என்றாலும் இடம்தான். பொங்கலுக்குப் பிறகு ஒழுங்காக ஒன்று வைக்கிறேன்.

2024 ஜனவரி 18

அதே பத்து சென்ட்டில் ஐந்து துண்டு. ஓரத்தில் வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பாகத் துளிர்த்து வந்த துளசியை வெட்டி, இரண்டு துண்டில் இன்றைக்குப் புதைத்து இன்றைக்கே ஊன்றியாயிற்று. ஒன்றில் புதைத்து மட்டும் வைத்திருக்கிறேன், மூன்று வாரம் கழித்து ஊன்றப் போகிறேன். இரண்டில் துளசியே இல்லை. துண்டுக்கு நூறு தட்டைப்பயறு, சொட்டுநீர். துளசி போட்டதில் ஒன்று, போடாததில் ஒன்று, மூன்று வாரத் துண்டு, ஆக மூன்றுக்கும் சுற்றிக் குச்சி நட்டுச் சேலை கட்டினேன். மீதி இரண்டும் மயிலுக்குத் திறந்த வீடு.

பார்த்தலமியூவுக்குக் கம்பி வலை. எனக்கு வீட்டம்மாவின் பழைய பாலியெஸ்டர் சேலைகள்.

2024 ஜனவரி 29

சேலைக்குள், துளசி இல்லாமல், 88.
சேலைக்குள், துளசியோடு, 72. அதிலும் இரண்டு நாள் தாமதம், செடி குட்டை.
சேலை இல்லை, துளசி இல்லை, 41.
சேலை இல்லை, துளசி உண்டு, 30.

துளசி எடுத்தது பதினாறு. மயில் எடுத்தது நாற்பத்தேழு. நவம்பரில் மொத்தக் குற்றத்தையும் நான் பதினாறு எடுத்தவன் தலையில் கட்டினேன்.

ஒரு முறை, ஒரு தோட்டம், மயில் எந்தத் துண்டில் முதலில் இறங்கியதோ. இதை வைத்துக்கொண்டு யாரும் கல்லில் வெட்ட வேண்டாம்.

2024 பிப்ரவரி 18

மூன்று வாரம் விட்டு ஊன்றிய துண்டில் 86. வாசனை முகர்ந்து பார்த்தேன், மண்வாசனைதான் வந்தது. எண்ணெய் பறந்துவிட்டது, மிச்சத்தை மண்ணில் உள்ளவை தின்றுவிட்டன. பசுந்தாள் உரத்துக்கு நம் ஆட்கள் விடுகிற இடைவெளியும் கிட்டத்தட்ட இதுதானே. பல்லடத்துக்காரர் நவம்பர் 4-இலேயே சொன்னதற்கு நான் மூன்று மாதம் சுற்றி வந்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 20

சத்தியமங்கலம் மேலிருந்து ஒருவர், எலுமிச்சைப்புல்லிலிருந்து தைலம் காய்ச்சிய சக்கையை அவரை வரிசைக்கு மூடாக்காகப் போடலாமா என்கிறார். அந்தப் புல்லின் வாசனைப் பொருளான சிட்ரால் பெரும்பாலும் ஆவியோடு போய்விட்ட சக்கை அது. ஆனால் என் காய்ச்சிய துளசியை மறக்க வேண்டாம், கரைகிற பொருள் தங்கியிருக்கலாம். நாற்று மூன்று நாலு இலை விட்ட பிறகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விதைத்த மண் மேல் நேராக வேண்டாம். புல் சக்கையை மண்ணுக்குள் கலக்கவும் வேண்டாம். நார் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சள் தட்டும், அதையும் வாசனை மேல் போட்டுவிடுவோம்.

2024 மார்ச் 10

வேர்முடிச்சை மறந்துவிட்டோமே என்று கோபிக்காரர். பயறின் வேர்முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா ரைசோபியம். ஃபீனால் பொருள்கள் அதைத் தடுத்து முடிச்சைக் குறைக்கும் என்று அமெரிக்காவில் எல்ராய் ரைஸ் 1960-களிலேயே காட்டியிருக்கிறார். செடி பச்சையாக நிற்கும், முடிச்சு இல்லாமல் பட்டினி கிடக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

துண்டுக்கு ஐந்து செடி மண்ணோடு தோண்டி வாளித்தண்ணீரில் அலசினேன். துளசி போட்டு உடனே ஊன்றியதில் முடிச்சு கொஞ்சம் கம்மி, ஆணிவேரில் இல்லாமல் பக்கவேரில் இருந்தது. ஆணிவேரின் நுனி ஆரம்பத்திலேயே அடிவாங்கியதால் இருக்கலாம். பிளேடால் கீறிப் பார்த்தேன், உள்ளே எல்லாம் நல்ல ரோஸ். ரோஸ் என்றால் வேலை நடக்கிறது. பச்சையோ சாம்பலோ என்றால்தான் கவலை. காய் பறிப்பில் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை, குட்டையாக இருந்தவை பின்னால் எட்டிப் பிடித்துவிட்டன. குறைந்தது செடி எண்ணிக்கைதான்.

2024 ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது, திரும்பத் திரும்ப அதே கேள்வி வருவதால் எழுதுகிறேன். துளசியை இந்த முறையும் வைத்திருக்கிறேன், மேற்கு வரப்போரமாக மாற்றி. வெட்டினால் வரப்பு மேலேயே குவித்துக் காய விடுவேன். பயறுப் பாத்தியில் போட்டால் மூன்று வாரம் தொடமாட்டேன். ஓமவல்லியை எந்தப் பாத்தியிலும் புதைப்பதில்லை, அதற்கு இடம் வாசலில் தொட்டி.

தட்டைப்பயறு நேற்று ஊன்றினோம், சுற்றிச் சேலை கட்டி. இன்று காலையில் வீட்டம்மா வந்து வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏனுங்க, அந்த மாம்பழக் கலரு எங்கம்மா எடுத்துக் குடுத்ததுங்க. பீரோவுல மேல் தட்டுல இருந்துச்சு."

அவிழ்க்கப் போகிறேன். அந்தப் பக்கம் நாயைக் கட்ட வேண்டியதுதான்.